வாசிக்கத் தயங்கும் மாணவர்களை வாசிப்புக்குக் கொண்டுவருதல்

பாடநூலைத் தவிர வேறு நூலைக் கையில் எடுக்காத மாணவர், எடுக்கச் சொன்னாலும் நழுவிவிடும் மாணவர், சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் மாணவர் ஆகியோரை வாசிக்கத் தயங்கும் மாணவர்கள் என்கிறோம். எல்லா வகுப்புகளிலும் இவர்கள் உண்டு. "அவனுக்கு ஆர்வம் இல்லை" என்று ஒரே வரியில் இவர்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிடும் வழக்கமும் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. ஆனால் ஆர்வமின்மை என்று வெளியே தெரிவது பெரும்பாலும் இயலாமையை மறைக்கப் பிள்ளை போட்டுக்கொண்ட திரை. வாசிக்க வராத பிள்ளையிடம் வாசிப்பின் பெருமையைப் பேசிப் பயனில்லை. வாசிக்க வந்தும் விரும்பாத பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தால் வெறுப்புத்தான் மிகும். ஆகவே எந்தப் பிள்ளை எந்த வகை என்று கண்டறிவதே முதல் வேலை.

இக்கட்டுரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும், தமிழில் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெற்றோருக்கும், தனக்கே இத்தயக்கம் இருப்பதாக உணரும் மாணவருக்கும் இதில் பயன்படக்கூடியவை உண்டு.

இயலாமையா, விருப்பமின்மையா?

சரியாக வாசிக்கத் தெரியாமல் ஏழாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளை மந்தமான பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. இத்தனை ஆண்டுகள் தன் குறையை வெளியே தெரியாமல் காப்பாற்றி வந்ததற்கே நல்ல சாமர்த்தியம் வேண்டும். வாசிப்பு முறை தன்னிடம் வரும் நேரம் பார்த்து அந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போகும். சாக்பீஸ் எடுத்துவர யார் போகிறீர்கள் என்றால் முதலில் எழுந்து நிற்கும். பக்கத்தில் இருப்பவர் வாசித்ததைக் காதால் கேட்டு, விரலை வரிமேல் ஓட்டியபடி அப்படியே ஒப்பிக்கும்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவன் செய்யுள், உரைநடை எதைக் கேட்டாலும் தடையின்றிச் சொல்வான். ஒருநாள் நடத்தாத பாடத்தின் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னபோது இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். தனியே அழைத்துப் பேசியபோது தெரிந்தது, பேருந்துகளின் ஊர்ப் பலகைகளை மட்டும் அவன் தயங்காமல் வாசிப்பான் என்பது. அவன் அப்பா லாரி ஓட்டுநர். அப்பாவோடு போகும்போது ஊர்ப் பெயர்களைக் கேட்டும் பார்த்தும் பழகியிருக்கிறான். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், வேளாங்கண்ணி, கும்பகோணம் என்று ஊர்ப் பெயர்களைத் துண்டுத்தாள்களில் எழுதி, அவற்றை வெட்டிப் பிரித்து வேறு சொற்கள் ஆக்கும் விளையாட்டிலிருந்து அவனுடைய பயிற்சி தொடங்கியது. தமிழில் இடறும் எழுத்துகளில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பெயர்களுக்குள் இருக்கின்றன. வேறு பயிற்சி நூல் தேட வேண்டிய தேவையே அப்போது எழவில்லை.

பிள்ளையின் நிலையை அறிய ஐந்து நிமிடம் போதும். மற்ற பிள்ளைகள் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும் என்பது முக்கியம். பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை, அதன் வகுப்புக்கு இரண்டு வகுப்புகள் கீழான பாடநூலிலிருந்தோ ஒரு கதை நூலிலிருந்தோ எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். எங்கே நிற்கிறது, எந்த எழுத்தில் தடுமாறுகிறது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு அதே கடினமுள்ள வேறு ஒரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன நடந்தது என்று பேச்சுவாக்கில் கேளுங்கள்.

கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்லறிவும் மொழிப் பழக்கமும் போதவில்லை. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன என்றால்தான் அந்தப் பிள்ளையை விருப்பமில்லாத பிள்ளை எனலாம். இந்தப் பகுப்புக்கு அடிப்படையான கருத்தை 1986ஆம் ஆண்டில் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்புத் திறன் என்பது அவர்கள் கருத்து. பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான்.

அதே 1986இல் கீத் ஸ்டானோவிச் என்பவர் இன்னொன்றை விளக்கினார். நன்றாக வாசிக்கும் பிள்ளை நிறைய வாசிக்கிறது, அதனால் நிறையச் சொற்களை அறிகிறது, அதனால் இன்னும் எளிதாக வாசிக்கிறது. தடுமாறும் பிள்ளை வாசிப்பைத் தவிர்க்கிறது, தவிர்ப்பதாலேயே மேலும் பின்தங்குகிறது. இருப்பவனுக்கே மேலும் சேரும் என்ற பொருளில் விவிலியத்தின் மத்தேயு நூலை ஒட்டி இதற்கு மத்தேயு விளைவு என்று பெயர் வந்தது. மூன்றாம் வகுப்பில் சிறு இடைவெளியாக இருந்தது எட்டாம் வகுப்பில் தாண்ட முடியாத பள்ளமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

தமிழில் எங்கே இடறுகிறது?

ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்றும் ஒலிப்பு ஒன்றுமாகத் தமிழ் அலைக்கழிப்பதில்லை. ஆதலால் எழுத்து தெரிந்தால் வாசிப்பு தானே வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இது பாதி உண்மைதான். தமிழுக்கே உரிய இடறல்கள் சில உள்ளன.

247 எழுத்துகள் என்று சொல்லியே பிள்ளைகளை மிரட்டிவிடுகிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், சில குறிகள் ஆகியவற்றை அறிந்தால் பெரும்பகுதி முடிந்தது. தனித்தனியே பழக வேண்டியவை கு, சு, டு, மு, கூ, தூ, நூ என்று மெய்க்கு மெய் உருவம் மாறும் உகர, ஊகார வரிசைகள். அடுத்த சிக்கல் குறிகளின் இடம். கெ, கே, கை ஆகியவற்றில் உயிரின் குறி மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது. ஒலிக்கும்போதோ மெய்தான் முந்தி வருகிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வோர் உருவாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளை இங்கே குழம்பும். ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போலவே இருப்பதால் வௌவால் என்பதை 'வெளவால்' என்று வாசிக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டதைத்தான் வாசிக்கிறார்கள். அதற்குச் சிரிப்பதில் நியாயம் இல்லை.

தாத்தா காலத்துப் பழைய நூல்களைக் கொடுத்தால் இன்னோர் இடறலும் வரும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா முதலிய எழுத்துகளின் உருவம் வேறு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதை ஒரு புதிர்போல ரசிப்பார்கள்.

வல்லின எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும். கடல், பகல், தங்கம், பக்கம் என்ற நான்கிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல்லை முன்பே காதால் கேட்டறிந்த பிள்ளைக்கு இதில் தொல்லை இல்லை. கேட்டறியாத சொல் வரும்போதுதான் நாக்கு நிற்கும். வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம், இந்தி பேசும் பிள்ளைகளுக்கு இத்தகைய இடங்கள் கூடுதல். வாசிப்புப் பயிற்சி கண்ணால் மட்டும் நடப்பதன்று, காதாலும் நடப்பது என்பதற்கு இதுவே சான்று.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். "வந்துகிட்டிருக்கான்" என்று பேசும் பிள்ளை "வந்துகொண்டிருக்கிறான்" என்று வாசிக்க வேண்டும். "போனாங்க" என்பது "சென்றனர்" ஆகிவிடுகிறது. ஐந்து வயதில் இது ஏறத்தாழ இரண்டாம் மொழியைக் கற்பது போன்றது. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த நடை காதில் ஏறியிருக்கும். கேட்காத பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் அந்நியமாகத் தெரியும்.

நீண்ட சொற்களும் மிரட்டும். "எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்ற ஒரே சொல் அச்சில் ஒரு வரியின் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. வரி முடிவில் அது எந்தக் குறியும் இல்லாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போனால் கேட்கவே வேண்டாம். எழுதி, கொண்டு, இருந்தவர்களிடம், இருந்து என்று பென்சிலால் கோடிட்டுப் பிரித்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் சில வாரங்களில் பழகிவிடும். புணர்ச்சி இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடையாது.

இவ்வளவும் பார்ப்பதற்கு முன் கண்ணைச் சோதிக்க வேண்டும். மூன்றாம் பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியாத பிள்ளையும், அச்செழுத்து மங்கலாகத் தெரியும் பிள்ளையும் "ஆர்வம் இல்லை" என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவதுண்டு. கண்ணும் காதும் நன்றாக இருந்து, முறையான பயிற்சிக்குப் பிறகும் எழுத்துகள் கூடவில்லை என்றால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட வகைக் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று தயங்குகிறார்கள்.

பெரிய பிள்ளைக்கு எளிய நூல்

பதின்மூன்று வயதுப் பையனுக்கு யானைக்குட்டிப் படம் போட்ட நூலைக் கொடுத்தால் அவன் அதைத் தொடமாட்டான். அவன் வாசிக்கக்கூடியது அந்த நூல்தான் என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வகுப்புத் தோழர்கள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சமே அவனைத் தடுக்கிறது. இந்தக் கூச்சத்தை மதிக்காத எந்த முயற்சியும் பலிக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுபவராக ஆக்குவது. ஏழாம் வகுப்பு மாணவர் வாரம் ஒருநாள் இரண்டாம் வகுப்புக்குப் போய் ஒரு கதை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தால், யானைக்குட்டி நூலைக் கையில் எடுப்பதற்குக் கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. தடுமாறாமல் வாசிக்க வேண்டுமே என்று வீட்டில் நான்கைந்து முறை வாசித்துப் பார்ப்பார். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்பதை ஜே சாமுவேல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1979இல் ஒரு கற்பித்தல் முறையாகவே எழுதினார். நம் திண்ணைப் பள்ளிகளில் இது வேறு வடிவில் இருந்ததுதான். சின்னப் பிள்ளைகள் "இன்னொரு கதை அண்ணா" என்று கேட்கும்போது அந்த மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வயதுக்கேற்ற பொருளும் சிறிய வாக்கியங்களும் ஒன்றாய் அமைந்த நூல்கள் தேவை. 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதிதாக எழுத்தறிந்த பெரியவர்களுக்காகச் சிறுசிறு நூல்கள் வந்தன. பெரிய எழுத்து, குறுகிய வாக்கியம், ஆனால் பொருள் வளர்ந்தவர்களுக்கு உரியது. மேல் வகுப்புகளில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதே இலக்கணம் பொருந்தும். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் வருகின்றன. வகுப்பு எண்ணைக் குறிக்காமல் இப்படிப் பெயர் வைத்தது நல்ல யோசனை. எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நட' நூலை எடுப்பதில் அவமானம் குறைவு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் நிலைவாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு.

படக்கதைகளை நூல் வரிசையில் சேர்க்கத் தயங்கும் ஆசிரியர்கள் இன்றும் உள்ளனர். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. இரும்புக்கை மாயாவியை வாசிப்பதற்காகவே எழுத்துக்கூட்டப் பழகியவர்கள் என் தலைமுறையில் ஏராளம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் கல்கி குழுமத்தின் கோகுலமும் அப்படிப் பலருக்கு வாசல் திறந்தவை. படம் பொருளைச் சொல்லிவிடுவதால் தெரியாத சொல்லை ஊகிக்க முடிகிறது. ஒரு கட்டத்தில் நான்கைந்து சொற்கள்தான் என்பதால் மிரட்சியும் இல்லை. கிரிக்கெட் செய்தி, திரைப்பட விமர்சனம், மோட்டார் வண்டி விளக்கக் குறிப்பு, சமையல் குறிப்பு எல்லாமே வாசிப்புத்தான்.

நூல் கடினமா என்று பிள்ளையே அறிய எளிய முறை ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசித்துக் காட்டுதல்

சின்ன வகுப்புகளோடு இது முடிந்துவிட வேண்டும் என்று ஏனோ எண்ணுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் வாசித்துக் காட்டினால் வாய் திறந்து கேட்பார்கள். கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் போதும். கதையின் விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, நூலை மேசைமேல் விட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். மறுநாள் அந்த நூலின் அட்டையைப் பாருங்கள், எத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்று தெரியும்.

எதை வாசிப்பது என்பதில் ஆசிரியரின் ரசனைக்கு இடமுண்டு. எழுத்துத் தமிழ் அந்நியமாக இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் பேச்சு நடையில் அமைந்த கதைகள் நல்லது. கரிசல் வட்டார வழக்கை அச்சில் அப்படியே கொண்டுவந்தவர் கி. ராஜநாராயணன். அவர் சொன்ன நாட்டுப்புறக் கதைகளை வாசித்தால், தாங்கள் வீட்டில் பேசும் பேச்சு நூலிலும் வருகிறதே என்று பிள்ளைகள் வியந்து சிரிப்பார்கள். (அவர் தொகுத்த கதைகள் எல்லாமே பிள்ளைகளுக்கு ஆகாது. முன்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவது நல்லது.) வாண்டுமாமாவின் சாகசக் கதைகள் இன்றும் பிள்ளைகளைக் கட்டிப்போடுகின்றன. இக்காலச் சிறார் நாவல்களில், பாதுகாப்பற்ற தொடுதலைப் பற்றிப் பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இலும், கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இலும் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றவை. இரண்டுமே மேல்நிலைக்குப் போகும் வயதுப் பிள்ளைகளோடு பேசுவதற்கு ஏற்றவை.

வாசித்துக் காட்டும்போது இடையிடையே சொற்பொருள் விளக்க வேண்டாம். கதை ஓட்டத்தில் பொருள் பெரும்பாலும் தானே விளங்கும். முடிந்ததும் கேள்வி கேட்க வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் விடை சொல்லுங்கள்.

கேள்வியும் பரிசும்

"இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்ற கேள்வி எத்தனை நல்ல கதைகளைக் கொன்றிருக்கிறது என்று கணக்கெடுக்க முடியாது. ஒவ்வொரு கதைக்குப் பின்னும் சோதனை வரும் என்று தெரிந்தால் பிள்ளை கதையை விட்டுவிட்டு விடையைத் தேடும். தவறு செய்தவனுக்கு ஒரு பக்கம் வாசித்து எழுதச் சொல்லித் தண்டனை கொடுப்பது இதைவிட மோசம். தண்டனையாகக் கொடுத்த பொருளை எந்தப் பிள்ளையும் விரும்பிக் கேட்காது.

பரிசிலும் எச்சரிக்கை வேண்டும். 1973இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினர. வண்ணப் பேனாவால் படம் வரையும் ஆசை ஏற்கெனவே உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி அவ்வாறே தந்தனர். பிறகு, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக வரைந்தனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. அதிக நூல் வாசித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால் நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெலிந்த நூல்களெல்லாம் முதலில் தீர்ந்துவிடும்.

பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டானியல் பென்னாக் 1992இல் எழுதிய நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்றார். பக்கங்களைத் தாண்டிப் போகலாம், நூலைப் பாதியில் விடலாம், படித்ததையே மீண்டும் படிக்கலாம் என்பவை அவற்றுள் சில. பாதியில் விடும் உரிமையை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பெரியவர்களாகிய நாம் எத்தனை நூல்களைப் பாதியில் வைத்திருக்கிறோம்! ஆனால் வாசிக்காமலே இருக்கும் உரிமையும் அவர் பட்டியலில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே தரலாம் என்பது என் கருத்து. வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசிக்காமல் இருப்பதற்கு உரிமை என்று பெயர் சூட்டினால் நம் கடமையிலிருந்து நாம் நழுவுகிறோம் என்றே பொருள்.

எல்லாரும் அவரவர் நூலை அமைதியாக வாசிக்கும் மௌன வாசிப்பு வேளை இப்போது பல பள்ளிகளில் உள்ளது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, இதனால் மட்டும் வாசிப்புத் திறன் உயர்கிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. காரணத்தை வகுப்பறையிலேயே காணலாம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அந்த அரைமணி நேரமும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் அமைதியாக இருப்பதால் அது யார் கண்ணிலும் படாது. சரளமாக வாசிப்போருக்கு மௌன வேளையைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் ஆசிரியர் தடுமாறும் பிள்ளைகளில் ஒருவரோடு வராந்தாவில் உட்கார்ந்து மாறி மாறி வாசிக்கலாம். ஒரு வரி நீங்கள், ஒரு வரி பிள்ளை.

பூட்டிய பீரோ

நூல் இருந்தும் கைக்கு வராததே பல பள்ளிகளின் நிலை. நூல்கள் பீரோவில் பூட்டப்பட்டிருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். கிழிந்த நூலைவிடக் கைபடாத நூலே அவருக்குப் பாதுகாப்பு.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகமும் தொடங்கியது. வண்டிமாடு பூட்டி ஊருக்குள் நூலைக் கொண்டுபோன நாட்டில், பீரோவிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் வகுப்பறைக்கு நூல் வரவில்லை.

வகுப்பின் ஒரு சுவரோரம் கயிறு கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பால் நூல்களைத் தொங்கவிட்டால் அட்டைகள் கண்ணில் படும். முதுகு மட்டும் தெரிய அடுக்கிய நூலைப் பிள்ளைகள் எடுப்பதில்லை. இரவல் நோட்டை மாணவர் ஒருவரே பராமரிக்கலாம். அந்தப் பொறுப்பை வாசிக்கத் தயங்கும் மாணவரிடமே கொடுத்துப் பாருங்கள். நூல் பெயரையும் வாங்கியவர் பெயரையும் எழுதியே தீர வேண்டும் அல்லவா! ஆண்டுக்குச் சில நூல்கள் கிழியும், ஒன்றிரண்டு காணாமல் போகும். தலைமையாசிரியர் இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் பொறுப்பாசிரியர் சாவியைத் திருப்புவார்.

1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம். அதன் பயனாக அமைந்த கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை வரிசையாக அழைத்துப்போய் உறுப்பினராகச் சேர்த்துவிட்டால், விடுமுறை நாள்களுக்கு வழி பிறக்கும்.

வீட்டில்

வீட்டில் நூலே இல்லை, பெற்றோருக்கு வாசிக்கவும் தெரியாது என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பிள்ளை வாசிக்க, பாட்டி கேட்கலாம். பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கதையில் பொருந்தாத இடம் உடனே தெரிந்துவிடும், "அவன் எப்படி அங்க போனான்?" என்று கேட்பார். பிள்ளை திரும்பிப் போய் அந்த வரியைச் சரியாக வாசிக்கும். நாள்காட்டித் தாள், கல்யாணப் பத்திரிகை, நியாயவிலைக் கடைப் பலகை, வடை மடித்து வந்த காகிதம் எல்லாம் வாசிப்பதற்கு உரியவையே. பெற்றோர் செய்யக் கூடாதது ஒன்றுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

கைப்பேசியை எதிரியாக்கி, அதைப் பிடுங்கிவிட்டு நூலைக் கையில் திணித்தால் இரண்டின் மேலும் கோபம்தான் மிஞ்சும். இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும் ஓரிடத்தில் இருக்கட்டும். எல்லாருடையதும் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மாற்றத்தைக் கவனித்தல்

நாள்தோறும் இருபது நிமிடம் ஒரு பிள்ளையோடு செலவிட்டால், எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று மாதங்களில் வேறுபாடு தெரிவதைப் பார்த்திருக்கிறேன். விருப்பம் வருவதற்குக் காலக்கணக்கு சொல்ல முடியாது. முதலில் வருவது பெரும்பாலும் பேய்க் கதை ஆசையாக இருக்கும். வரிசையாகப் பத்துப் பேய்க் கதைகளை வாசித்தாலும் தடுக்க வேண்டாம். ஒரே வகையை வாசிக்கும்போது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் வேகம் கூடும். அடுத்த நூல் எது என்று பிள்ளை கேட்கும் நாளில், கொடுப்பதற்கு ஒன்று உங்கள் பையில் இருக்க வேண்டும். நாளைக்குத் தருகிறேன் என்றால் அந்த ஆசை ஆறிவிடும்.

மதிப்பெண் பதிவேட்டுக்குப் பதில் ஒரு சிறு நோட்டு போதும். பிள்ளையின் பெயர், எடுத்த நூல், முடித்ததா, விட்டதா, எந்தப் பக்கத்தில் விட்டது என்று மட்டும் குறித்து வையுங்கள். தொடர்ந்து முதல் இரண்டு பக்கங்களிலேயே விட்டுவிடும் பிள்ளைக்கு எழுத்தோ நடையோ கடினமாக இருக்கிறது. இன்னும் எளிய நூலும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். முப்பதாம் பக்கத்தில் விடும் பிள்ளைக்கு வாசிக்க வருகிறது, அந்தக் கதைதான் பிடிக்கவில்லை. வேறு வகை நூல் கொடுக்க வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு முன் விட்ட பிள்ளையை மட்டும் கூப்பிட்டு, முடிவு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள்.